வேதாளத்தின் நிபந்தனை

குழந்தைகளுக்கான மாயக் கதைகளைப் பற்றி நம் விமர்சகர்கள் வாய் திறப்பதில்லை. திறந்தாலும், குழந்தைக்கு நல்லதா கெட்டதா என்ற வாத்தியார் கேள்வியோடு முடித்துக்கொள்கிறார்கள். கதையாக அது நிற்கிறதா என்பதுதான் என் அக்கறை.

1947இல் தொடங்கிய அம்புலிமாமாவை வேதாளத்தை விட்டுவிட்டு நினைக்க முடியாது. வடமொழி மரபில் வேதாளக் கதைகள் 25 தான். பத்திரிகைக்கு மாதம் ஒன்று வேண்டும். ஆகவே சட்டகத்தை வைத்துக்கொண்டு உள்ளே புதுக் கதைகளை நிரப்பினார்கள். வியாபார அவசியம்தான். ஆனால் அதில் வேறொரு காரியமும் நடந்துவிட்டது. மூலத்தில், கடைசியில் அரசன் விடை தெரியாமல் மௌனமாகிறான், கதை முடிகிறது. இங்கே அந்த மௌனம் மாதாமாதம் தள்ளிப்போயிற்று. விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும். பேசினால் பிணம் மறுபடி மரத்தில். சரியான விடைக்குக் கிடைப்பது தோல்வி! சங்கர் வரைந்த அரசன் தோளில் பிணத்தோடு அதே சுடுகாட்டில் நடந்துகொண்டேயிருந்தான். அறிவுக்குப் பரிசு உண்டு என்று பள்ளிக்கூடத்தில் கேட்டுவந்த பையனுக்கு இதை யாரும் விளக்கவில்லை. விளக்காததே நல்லதாயிற்று.

வாண்டுமாமாவின் (1925–2014) உழைப்பு அசாதாரணமானது. அவருக்குப் பின் வந்த பலரிடமோ மந்திரம் செலவில்லாமல் கிடைக்கிறது. மோதிரத்தைத் தேய்த்தால் போதும். கடைசிப் பாராவில் ஒரு நீதி. அல்லது பையன் கண் விழிக்கிறான், எல்லாம் கனவு. எழுதியவருக்கே தன் மாயத்தில் நம்பிக்கை இல்லை. குழந்தை மட்டும் எதற்கு நம்ப வேண்டும்?

மதுரைக்காரனை இது கூடுதலாக உறுத்த வேண்டும். திருவிளையாடலில் நரி பரியாகிறது. இரவில் மறுபடி நரியாகி லாயத்துப் பழைய குதிரைகளைக் குதறுகிறது. அதற்கான விலையை மாணிக்கவாசகர் வைகையின் சுடுமணலில் கொடுக்கிறார். பக்தியைச் சற்று ஒதுக்கிவைத்துப் படித்தால், மந்திரத்துக்குக் கணக்குக் கேட்கிற கதை இது. ஆவணியில் புட்டுத்தோப்பு விழாவை அப்பாவின் தோளிலிருந்து குழந்தை பார்க்கிறது. மேலூர் பஸ்ஸில் போனால் ஜன்னலில் யானைமலை படுத்திருக்கிறது. இவ்வளவும் கையருகில் இருக்க, நம் எழுத்தாளர் பெயரில்லாத நாட்டு இளவரசனைத் தேடிப் போகிறார்.

ஒரு சங்கடம் உண்டு. புராணப்படி யானைமலை சமணர் ஏவிய யானை. சோமசுந்தரரின் அம்பு பட்டுக் கல்லானது. அதே மலையில் சமணச் சிற்பங்கள் இன்றும் இருக்கின்றன. குழந்தைக்குச் சொல்பவர் பகையையும் சேர்த்துச் சொல்வதா, யானையை மட்டும் எடுத்துக்கொள்வதா? பகையைக் கழுவிவிட்டால் யானை வெறும் பொம்மையாகிவிடும். அப்படியே சொன்னாலோ, சைவன் ஜெயித்த கதையாகிவிடும். யானையின் பக்கம் நின்று சொல்லிப் பார்க்கலாம்: ஏவப்பட்டு வந்து, கல்லாகி, ஏவியவர்களின் சிற்பங்களைத் தன் உடம்பிலேயே சுமந்துகொண்டு கிடக்கும் யானை. அப்படி ஒரு கதையை நான் இன்னும் படிக்கவில்லை.