கத்ரி கோபால்நாத்: முன்னதா, பின்னதா?

கத்ரி கோபால்நாத் 2019 அக்டோபர் 11 அன்று காலமானார். அவருடைய ஒலிப்பதிவுகளைப் பத்திப் பேச்சு வந்தா, சபா ரசிகர்கள்கிட்ட ஒரு கணக்கு தயாரா இருக்கும். ஆரம்பத்தில் வந்த கேசட்டுகளில் இருப்பது சங்கீதம், 'டூயட்' படத்துக்குப் பிறகு வந்ததெல்லாம் ஃபியூஷன் வியாபாரம் என்பது அது. கொஞ்ச நாளா இரண்டு பக்கத்தையும் மாத்தி மாத்திக் கேட்டுக்கிட்டிருக்கேன். அந்தக் கணக்கு பாதி சரின்னு தோணுது. தப்பான பாதியைப் பத்தித்தான் அதிகம் எழுதணும்.

முதல்ல கருவி. நாகஸ்வரத்தில் விரல் நேரா துளை மேல படும். துளையைப் பாதி மூடலாம், மெல்லத் திறக்கலாம்; ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போகலாம். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே சாவி இருக்கு. அழுத்தினா மூடும், விட்டா திறக்கும். பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் காப்புரிமை வாங்கிய இந்தக் கருவி, தனித்தனி ஸ்வரத்துக்காகவே செய்யப்பட்டது. கமகம் வேணும்னா உதடு, மூச்சு, தொண்டை மூணும் சேர்ந்து வேலை செய்யணும்.

கோபால்நாத்தின் அப்பா தனியப்பா நாகஸ்வர வித்வான். மகன் கருவி மாறியது மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோன் கேட்ட பிறகு. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் கத்துக்கிட்டார், சாவி அமைப்பையும் தன் தேவைக்கு மாத்திக்கிட்டார். காதில் நாகஸ்வரம், கையில் சாக்ஸபோன். அவருடைய பதிவுகளைத் தரம் பிரிக்க எனக்கு உதவுகிற அளவுகோல் இதுதான்: அந்தக் காதும் அந்தக் கையும் எங்கே சண்டை போடுது, எங்கே சமாதானமாப் போயிடுது?

ஆரம்பகாலக் கேசட்டுகளில் சண்டை நல்லாவே கேட்கும். தொனி கொஞ்சம் கரடு. கீழ் ஸ்தாயியில் காற்று கசியற மாதிரி இருக்கும். ஆனா ராக ஆலாபனையில் ஒரு காந்தாரத்தைப் பிடிச்சா, அது அசைஞ்சு தன் இடத்துக்கு வந்து சேரும்வரை விடமாட்டார். சில இடத்தில் சேராது, திரும்பப் போவார். அந்தத் திரும்பப் போறதுதான் எனக்குப் பிடிச்ச விஷயம். கூடவே ஏ. கன்யாகுமரியின் வயலின். அவர் வாசிச்சதை வயலின் திருப்பித் தரும்போது, அதே பிடி கமகத்தோட எப்படி இருக்கும்னு பக்கத்திலேயே தெரிஞ்சிடும். கூச்சமில்லாம அந்த ஒப்பீட்டுக்குத் தன்னை உட்படுத்திக்கிட்டார். அதுக்கே ஒரு தைரியம் வேணும்.

1994-ல் இரண்டு விஷயம் நடந்தது. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி பிராமனேட் கச்சேரி. அந்த விழாவுக்கு அழைக்கப்பட்ட முதல் கர்நாடக இசைக் கலைஞர் அவர். இன்னொன்று, பாலசந்தர் இயக்கி ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'டூயட்'. பல ராகங்களை வாசிச்சுக் காட்டி, கடைசியில் கல்யாண வசந்தம்தான் ரஹ்மானுக்குப் பிடிச்சது என்று பேட்டியில் சொல்லியிருக்கார். கீரவாணியின் ஜன்யம் அது. ஆரோகணத்தில் ரிஷபமும் பஞ்சமமும் கிடையாது, அதனால் தாவித் தாவி ஏறும். சாவிக் கருவிக்குத் தாவறது சுலபம். நெளியறதுதான் கஷ்டம்.

அவர் பேரோட ஒட்டிக்கிட்ட 'ரகுவம்ச சுதா'வும் இப்படித்தான். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் கிருதி, கதனகுதூகலம் ராகம். ஆரோகணமே ச ரி ம த நி க ப ச என்று வளைஞ்சு குதிச்சுப் போகும். மின்னல் வேகத்தில் அதை அவர் வாசிச்சா சபை எழுந்து நிற்கும். ஆனா அந்த ராகம் கருவிக்கு வேலை கொடுக்கலை, கருவியின் இயல்புக்கே இடம் கொடுத்தது. பிரபலமான பிறகு வந்த தொகுப்பு ஆல்பங்களில் அடிக்கடி நடந்தது இதுதான். குறுகிய உருப்படி, வேகம், தெரிஞ்ச கைதட்டல். தொனி முன்பைவிட மெருகா இருக்கும், பிசிறே இருக்காது. இரண்டாம் தடவை கேட்க எதுவும் மிச்சமும் இருக்காது. சபா ரசிகர்கள் கணக்கில் சரியான பாதி இது.

இதன் எதிரொலி நம்ம பக்கம் கேட்கும். திருமழிசையிலிருந்து பூந்தமல்லி வரை கல்யாண மண்டபங்களில் இப்போ ரிசப்ஷனுக்கு சாக்ஸபோன் சகஜம். முகூர்த்தத்துக்கு நாகஸ்வரம், சாயங்காலம் சாக்ஸபோன். வாசிக்கிற பிள்ளைகள் திறமைசாலிகள்தான். ஆனா அவங்க எடுத்துக்கிட்ட கத்ரி பெரும்பாலும் 'டூயட்' கத்ரி. சாப்பாட்டுப் பந்திக்குப் பின்னாடி ஒலிக்கத் தோதான கத்ரி. ஆலாபனையில் தவிச்ச கத்ரியை யாரும் கேட்டு வாசிக்கச் சொல்றதில்லை. ஒரு கலைஞருடைய எந்தப் பதிவு நிலைக்குதோ, அதுதான் அடுத்த தலைமுறைக்குப் பாடம். அதனாலதான் இந்த முன்-பின் கேள்வி ரசிகர்களின் வெட்டிப் பேச்சு இல்லைன்னு நினைக்கிறேன்.

இப்போ தப்பான பாதி. 2008-ல் நியூயார்க்கின் பை ரெகார்டிங்ஸ் வெளியிட்ட 'கின்ஸ்மென்'. அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் கோபால்நாத்தும் சேர்ந்து வாசிச்சது. மகந்தப்பா கல்லூரியில் படிக்கும்போது அவர் அண்ணன் விளையாட்டாக் கொடுத்த கோபால்நாத் ஆல்பம்தான் இந்த உறவின் தொடக்கம். தேதிப்படி இது பிற்காலப் பதிவு, வகைப்படி ஃபியூஷன். கணக்குப்படி ஒதுக்க வேண்டியது. ஆனா அந்தப் பழைய சண்டை இங்கே திரும்ப வந்திருக்கு.

காரணம் ஒப்பீடு. இரண்டு பேரும் வாசிப்பது ஆல்டோ சாக்ஸபோன். மகந்தப்பாவின் ஸ்வரங்கள் கத்தி மாதிரி, விளிம்பு தெளிவா நறுக்குன்னு விழும். அதுக்குப் பக்கத்தில் கோபால்நாத் அசைக்கிற ஒரு ஸ்வரம் வந்தா, ஒரே உலோகத்திலிருந்து இரண்டு மொழி வருது. வயலின் பக்கத்தில் இருந்தப்போ அவருடைய கருவியின் குறை தெரிஞ்சது. இன்னொரு சாக்ஸபோன் பக்கத்தில் வந்தப்போ அவர் சாதிச்சது தெரியுது. ஐம்பதுகளின் கடைசியில் இருந்தவர், 'ரகுவம்ச சுதா' வேகத்தை நம்பாம, நிதானமா ராகத்தை விரிக்கிறார். கன்யாகுமரியும் இதில் இருக்கார்.

குறை இல்லாம இல்லை. டிரம்ஸும் கிடாரும் முழுசா இறங்கற இடங்களில் அவர் தன் வழக்கமான கோர்வைகளுக்குள்ள போயிடறார். மகந்தப்பா அவர் பக்கம் வர்ற தூரத்துக்கு அவர் மகந்தப்பா பக்கம் போகலை. 1980-லேயே பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹேண்டியோட மேடை ஏறினவர். ஆனாலும் ஜாஸ் அவருக்குப் பக்கத்து வீடாத்தான் இருந்தது, அங்கே குடிபோகலை. அதில் தப்பும் இல்லை.

ஜாஸ் உலகத்திலும் இந்தத் தகராறு உண்டு. ஜான் கோல்ட்ரேனின் 1965-க்குப் பிந்தைய பதிவுகளை இன்னிக்கும் பாதிப் பேர் தள்ளி வைப்பாங்க. அங்கே புகார், கேட்கவே முடியாத அளவுக்கு அவர் கடினமாயிட்டார் என்பது. இங்கே புகார், சுலபமாயிட்டார் என்பது. இரண்டு இடத்திலும் வருஷத்தை வெச்சுக் கோடு கிழிக்கிறது சோம்பேறித்தனம். பிற்காலக் கோபால்நாத் சுலபமானது, தன்னை எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாத ஆல்பங்களில். ஆள் கிடைச்சப்போ பழைய பசி அப்படியே இருந்தது.

புதுசாக் கேட்கப் போறவங்களுக்கு என் வரிசை: முதல்ல ஆரம்பகாலப் பதிவு ஒண்ணில், கன்யாகுமரி வயலினோட ஒரு முழு ஆலாபனை. அடுத்து 'கின்ஸ்மென்'னில் வர்ற 'கல்யாணி'. 'டூயட்' கடைசியில் இருக்கட்டும். அது எப்படியும் எங்கேயாவது ஒரு மண்டபத்தில் உங்க காதில் விழுந்திடும்.