சி மொழியை ஆழ்ந்து கற்க எந்த நூல்?

சி மொழி பயிலும் மாணவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் வினா ஒன்று உண்டு. ஒரு மாறியின் மதிப்பு 5. அந்த மாறிக்கு முன்னால் மதிப்பை ஒன்று உயர்த்தும் குறியை இட்டு, அதையே ஒரு கோவையில் இருமுறை எழுதிக் கூட்டினால் கிடைப்பது என்ன?

முதலில் 6, அடுத்து 7, ஆகவே 13 என்பார் ஒருவர். கணிப்பொறியில் ஓட்டிப் பார்த்த மற்றொருவர் 14 என்பார். இவற்றுள் ஏதோ ஒன்றை விடையாக அச்சிட்டுள்ள பாடநூல்கள் பல. ஆனால் இவ்வினாவுக்கு விடையே கிடையாது என்பதுதான் உண்மை. ஒரு மாறியை ஒரே கோவைக்குள் இவ்வாறு இருமுறை மாற்றினால் என்ன நிகழும் என்பதைச் சி மொழியின் தரவிதிகள் வரையறுக்கவில்லை.

இது விதிகளின் குறைபாடு அன்று. சி மொழி பலவகைப் பொறிகளில் இயங்க வேண்டியது. நாம் எழுதும் நிரலைப் பொறியின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர், அந்தந்தப் பொறிக்கு ஏற்ற விரைவான கட்டளைகளை ஆக்குவதற்கு உரிமை வேண்டும். அதற்காகவே விதிகள் சிலவற்றை வரையறுக்காமல் விட்டுள்ளன. ஆகவே, மொழி எதைச் செய்யும் என்பதோடு, எதற்கு உறுதி தராது என்பதையும் சொல்லும் நூலே ஆழ்ந்து கற்க உதவும் நூல். தம் கணிப்பொறியில் கண்டதையே மொழியின் விதியாக எழுதும் நூல் தேர்வுக்கு உதவலாம், தொழிலுக்கு உதவாது.

இந்த அளவுகோலைக் கொண்டு மூன்று நூல்களைப் பார்ப்போம்.

முதலாவது, பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய 'தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்'. ரிட்சி இம்மொழியை உருவாக்கியவர். முதற்பதிப்பு 1978-லும், திருத்திய இரண்டாம் பதிப்பு 1988-லும் வெளிவந்தன. எழுத்துகளைப் படியெடுத்தல், வரிகளையும் சொற்களையும் எண்ணுதல் போன்ற சிறு நிரல்களைக் கொண்டே முதல் அத்தியாயம் மொழியின் அடிப்படைக் கூறுகளை ஒருமுறை சுற்றிக் காட்டிவிடுகிறது. கோவையின் உறுப்புகள் எந்த வரிசையில் கணக்கிடப்படும் என்பதற்கு உறுதி இல்லை என்ற எச்சரிக்கை, இரண்டாம் அத்தியாயத்தின் இறுதியில் தெளிவாக உள்ளது. நமது வினாவுக்கான மறுமொழி அன்றே அச்சில் இருந்தது என்று பொருள்!

இந்நூலிலும் குறைகள் உண்டு. சொற்சிக்கனம் மிகுதி, வேறெந்தக் கணிப்பொறி மொழியும் அறியாதவர் திணறுவார். மேலும், ஒரு வரியை உள்வாங்கும் 'கெட்ஸ்' என்ற செயற்கூறின் ஆபத்தை அது எச்சரிக்கவில்லை. வரி எவ்வளவு நீளமாக இருந்தாலும் கெட்ஸ் நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போகும். ஒதுக்கிய இடம் நிறைந்தால் அடுத்த நினைவகத்தையும் அழிக்கும். 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மாரிஸ் புழு என்ற நிரல், யூனிக்ஸ் கணிப்பொறிகளுக்குள் நுழைய இந்த ஓட்டையையும் பயன்படுத்திக்கொண்டது. 2011-ஆம் ஆண்டுத் தரவிதிகள் கெட்ஸை நீக்கியே விட்டன. எனவே இந்நூலைப் படிப்பவர், பின்னர் வந்த மாற்றங்களை வேறோர் அண்மைக்கால நூலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஆண்ட்ரூ கோனிக் 1989-இல் வெளியிட்ட 'சி டிராப்ஸ் அண்ட் பிட்ஃபால்ஸ்'. மெலிந்த நூல். ஒப்பிடும் குறிக்குப் பதிலாக மதிப்பைப் புகுத்தும் குறியை இட்டுவிடுவது, எண்ணிக்கையில் ஒன்று தவறுவது போன்ற பிழைகளையே பாடமாக்குகிறது. சில நிரல்களையேனும் எழுதித் தவறியவருக்குத்தான் இதன் அருமை விளங்கும். முதல் நூலாகப் படித்தால் பயன் குறைவு.

மூன்றாவது, பீட்டர் வான் டெர் லிண்டன் 1994-இல் எழுதிய 'எக்ஸ்பர்ட் சி புரோகிராமிங்'. பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் அணியும், நினைவக முகவரியை வைக்கும் சுட்டும் ஒன்றே என்று பல நூல்கள் கூறிவிடும். ஒரு கோப்பில் அணியாக அறிவித்ததை மற்றொரு கோப்பில் சுட்டாக அறிவித்தால் நிரல் ஏன் கெடுகிறது என்று காட்டி, அக்கூற்றை இவர் மறுக்கிறார். இவர் காட்டும் பொறிகளும் நிகழ்ச்சிகளும் இன்று பழையவை. ஆயினும் விளக்கங்கள் பழுதுபடவில்லை.

புத்தகக் கடையில் நிற்கும் மாணவர் வேறு நூல்களையும் இவ்வாறே சோதிக்கலாம். முழு எண் 2 பைட் என்றோ 4 பைட் என்றோ முடிவாகச் சொல்கிறதா? விதிகள் கோருவது குறைந்தது 16 பிட் என்பதே. கெட்ஸை எச்சரிக்கையின்றிப் பயன்படுத்துகிறதா? பயிற்சிகள் நிரல் எழுதச் சொல்கின்றனவா, விடையை ஊகிக்க மட்டும் சொல்கின்றனவா? இவற்றைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

எதைத் தேர்ந்தாலும், ஒரு நூலின் பயிற்சிகளை முடித்த பின்பே அடுத்ததை வாங்குங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தொடக்கத்தில் கூறிய வினாவுக்கு 'வரையறுக்கப்படவில்லை' என்று விடை எழுதும் மாணவர் இன்று மதிப்பெண்ணை இழக்கக்கூடும். ஆனால் மொழியை ஆழ்ந்து கற்றவர் அவரே.