மனவடுவும் காதல் என்னும் மருந்தும்

நமது அகத்திணை மரபு காதலுக்கு நேரும் இடையூறுகள் பலவற்றைக் கூறுகின்றது. ஊரார் தூற்றும் அலர் உண்டு. அன்னையின் காவல் உண்டு. பொருள்வயிற் பிரிவு உண்டு. எனினும் இவற்றையெல்லாம் கடந்து களவொழுக்கம் கற்பொழுக்கமாக முதிர்வதற்கு ஒரு வாயில் அம்மரபிலே எப்பொழுதும் திறந்திருந்தது. பெற்றோர் உடன்படாவிடத்து உடன்போக்கேனும் இருந்தது. ஆடவர் இருவரின் காதலைப் பொருளாகக் கொண்டு அண்மைக் காலத்தில் வெளிவந்த கதைகளையும் திரைப்படங்களையும் நோக்குமிடத்து, அந்த வாயில் அடைபட்டிருப்பதே அவற்றின் அடிப்படைச் சிக்கல் என்பது புலனாகும். கற்பாக முதிர விடப்படாத களவின் கதைகள் அவை.

அடைபட்ட வாயிலின் முன் ஆண்டுக்கணக்கில் நிற்க நேர்ந்தவரின் உள்ளத்தில் வடு உண்டாகின்றது. போர் முடிந்த பின்னர் ‘மனவடு’ என்னும் சொல் எம்மிடையே பெரிதும் பழகிவிட்டது. அதன் பொருளை இந்நாட்டுத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. இவ்வடுவினைப் படைப்பாளர் கையாளும் முறையிலே இருவகைப் போக்குகள் தென்படுகின்றன. ஒரு சாரார் அதனை நாயகனது உள்ளத்தின் தனியுடைமையாக்கிவிடுகின்றனர். அது வந்த வரலாறு கண்ணீர் மல்கும் ஒரு காட்சியிற் சொல்லப்படும். காதலன் அணைத்துக்கொண்டதும் ஆறிவிடும். மற்றொரு சாரார், வடுவை உண்டாக்கிய கை எது, கருவி எது, அந்தக் கை இன்னும் ஓங்கியபடி நிற்கின்றதா என்று வினவுகின்றனர். முன்னையது மனோரதியப் போக்கு. பின்னையது யதார்த்தப் போக்கு. காதலையே மருந்தாகக் காட்டி அமைதியடையும் படைப்பு, காயம் விளைத்தவரைத் தப்பவிடுகின்றது என்பதே எமது வாதமாகும்.

முதலாவது போக்கிற்கு எடுத்துக்காட்டாகத் தாய்லாந்துத் தொலைக்காட்சித் தொடரொன்றைக் குறிப்பிடலாம். அந்நாட்டிலே ஆடவர் இருவரின் காதலைக் கூறும் தொடர்கள் இன்று பெரியதொரு தொழிலாக வளர்ந்துள்ளன. 2019ஆம் ஆண்டில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘அன்ரில் வீ மீற் அகெய்ன்’, குடும்பத்தாரின் எதிர்ப்பினால் உயிரை மாய்த்துக்கொண்ட இரு இளைஞர் மறுபிறவி எடுத்து ஒரு பல்கலைக்கழகத்தில் மீண்டும் சந்திப்பதைக் கூறுகின்றது. முற்பிறப்பின் துயரம் இப்பிறப்பிற் கெட்ட கனவாகவும் காரணம் புரியாத அழுகையாகவும் வெளிப்படுகின்றது. துயரம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குக் கையளிக்கப்படுகின்றது என்னும் கருத்து ஆழமானதே. அத்தொடர் பலரை உருக்கியதிலும் வியப்பில்லை. ஆயினும் கதை வளர வளர, இரு பிள்ளைகளைச் சாவுக்குத் தள்ளிய குடும்ப அதிகாரமும் மானம் பற்றிய எண்ணமும் பின்னணிக்குச் சென்றுவிடுகின்றன. ஊழ் முன்னுக்கு வருகின்றது. மனிதர் செய்த கொடுமை வினைப்பயனாகத் தோற்றம் பெற்றபின் அதற்குப் பொறுப்புச் சொல்ல எவரும் எஞ்சுவதில்லை. தாய்லாந்திலே 2025 ஜனவரி 23 முதல் ஒருபாலார் திருமணம் சட்டப்படி செல்லுபடியாகின்றது. அந்த வாயிலைத் திறந்தது ஊழன்று. மக்கள் எழுப்பிய கோரிக்கையும் பாராளுமன்றத்தில் நடந்த வாக்கெடுப்புமே திறந்தன.

இரண்டாவது போக்கின் வலிமையை உணர ‘புறோக்பாக் மவுன்ரன்’ என்னும் படைப்பினை நோக்குதல் தகும். ஆனி புறூ எழுதிய சிறுகதை 1997இல் வெளிவந்தது. ஆங் லீ 2005இல் அதனைத் திரைப்படமாக்கினார். 1963ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து மலையொன்றில் ஆடு மேய்க்கக் கூலிக்கமர்ந்த எனிஸ், ஜாக் என்னும் இரு இளைஞரின் இருபதாண்டுக் காதல் அதன் பொருள். சிறியதொரு பண்ணையை அமைத்து இருவரும் ஒன்றாக வாழலாம் என்று ஜாக் மீண்டும் மீண்டும் அழைக்கின்றான், எனிஸ் மறுத்துவிடுகின்றான். அந்த மறுப்பின் வேர் எங்குள்ளது? சிறுவனாயிருந்தபோது அவனுடைய தந்தை அவனை ஓரிடத்துக்கு அழைத்துச் சென்று ஒரு பிணத்தைக் காட்டினான். வேறோர் ஆடவனோடு ஒரே வீட்டில் வாழ்ந்த குற்றத்துக்காக அடித்துச் சிதைக்கப்பட்ட மனிதனின் உடல் அது. தந்தை மகனுக்குக் கற்பித்த பாடம் அது. ஓர் ஊர் தன் ஒழுங்கைக் காத்துக்கொள்வதற்குப் பிள்ளையின் உள்ளத்தையே காவலரணாக்கிக்கொள்ளும் முறையினை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய படைப்புகள் அரிது.

இத்தோடு வறுமையும் சேர்ந்துகொள்கின்றது. எனிஸின் பெற்றோர் விபத்தில் இறந்ததும் அவர்களது பண்ணை வங்கிக்குப் போய்விட்டது. விவாகரத்தின் பின் பிள்ளைகளின் செலவுக்குப் பணம் கட்டவேண்டியவன் அவன். காதலனைக் காணப் போவதற்காக வேலையைக் கைவிட்ட காலமும் உண்டு. இறுதிச் சந்திப்பிலோ அடுத்த பயணத்துக்கு லீவு கிடையாது என்கின்றான். அங்கு மூளும் சச்சரவு, அன்பைப் பற்றியதாகத் தொடங்கினும், நாட்கணக்கைப் பற்றியதாகவே முடிகின்றது. உழைப்பை விற்று வாழ்பவனுக்குத் தன் நாட்கள் தன்னுடையனவாய் இருப்பதில்லை. செல்வர் வீட்டில் மணமுடித்த ஜாக்கினாற் கனவு காண முடிகின்றது. கூலியாளாகிய எனிஸினால் அதுவும் முடிவதில்லை.

இப்படம் வெளிவந்தபோது விமர்சகர் பலர், ‘இஃது ஒருபாற் காதற் கதையன்று, உலகப் பொதுவான காதற் கதை’ என்று பாராட்டினர். அப்பாராட்டில் ஒரு நழுவல் உண்டு. அடித்துக் கொல்லப்பட்ட மனிதனின் உடலைத் தந்தை மகனுக்குக் காட்டும் நிகழ்ச்சி எல்லாக் காதலர்க்கும் பொதுவானதன்று. பொதுமை என்னும் போர்வையால் மூடியவுடன் கொலைக் கருவி கண்ணுக்கு மறைந்துவிடுகின்றது. சிறுகதை வெளியாகி ஓராண்டு கழிந்து, 1998 ஒக்டோபரில், அதே வயோமிங் மாநிலத்தின் லரமி நகரருகே மத்தியூ ஷெப்பேட் என்னும் மாணவன் தாக்கப்பட்டு இறந்தான். கதாசிரியர் கற்பனைப் பயத்தை எழுதவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 2017இல், பிரான்சிஸ் லீ நெறிப்படுத்திய ‘கோட்ஸ் ஓன் கன்ட்ரி’ வெளிவந்தது. இங்கும் செம்மறியாடுகள், இங்கும் குளிர் மிகுந்த மலைப்புலம். இங்கிலாந்தின் யோர்க்ஷயரில், பாரிசவாதத்தால் தளர்ந்த தந்தையின் பண்ணையைத் தனியே சுமக்கும் ஜோனி, குடியிலும் பெயர் கேளாத உடற்சேர்க்கையிலும் தன்னை மரத்துப்போகச் செய்துகொண்டவன். ஆட்டின் ஈற்றுப் பருவத்துக்காகக் கூலிக்கமர்த்தப்படும் ருமேனியனாகிய கியோர்கேயை அவன் முதலில் இனப்பெயர் சொல்லி இழிவு செய்கின்றான். இவ்விருவரிடையே உறவு வளரும் விதம் கவனிக்கத்தக்கது. நெடிய உரையாடல்கள் இல்லை. கடந்த காலத்தைக் கொட்டித் தீர்க்கும் காட்சியும் இல்லை. மதில் கட்டுகின்றனர், ஆட்டுக்கு ஈற்றுப் பார்க்கின்றனர். இறந்து பிறந்த குட்டியின் தோலை உரித்து வேறொரு நலிந்த குட்டிக்குப் போர்த்து, தாய்ச் செம்மறி அதனை ஏற்கும்படி செய்கின்றான் கியோர்கே. மேய்ப்பர் அறிந்த தொழில் நுட்பம் அது. பராமரிப்பு என்பது உணர்ச்சிப் பெருக்கின்றிக் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு வேலை என்பதனை ஜோனி அங்கே காண்கின்றான். பின்னர் இரண்டாம் முறையும் நோய்வாய்ப்பட்ட தந்தையைக் குளிப்பாட்டும்போது அந்தக் கைகள் மாறியிருக்கின்றன.

இப்படத்தில் வடு ஆறுவதற்குக் காதலோடு வேறொன்றும் தேவைப்படுகின்றது: பண்ணையை எவ்வாறு நடத்துவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை. தன் வழியிலேயே நடத்துவேன் என ஜோனி வீட்டாரிடம் கூறிய பின்னரே பிரிந்து சென்ற கியோர்கேயைத் தேடிப் போகின்றான். கூலியாள் தங்கியிருந்த வண்டிவீடு இழுத்துச் செல்லப்பட, அவன் வீட்டினுள் நுழைவதோடு படம் முடிகின்றது. எனிஸுக்குக் கிட்டாத வாயில் இங்கு திறக்கின்றது. ஆயினும் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் ஆகாது. கியோர்கேயின் சொந்த வடு சில வாக்கியங்களிலே முடிந்துவிடுகின்றது. பிறநாட்டிலிருந்து வந்த உழைப்பாளி, உள்ளூரவனின் நோய்க்கு மருந்தாக மாத்திரம் நின்றுவிடும் அபாயம் இதிலுண்டு. ஆட்டைக் காத்ததற்குக் கூலி கிடைத்தது; ஆளைக் காத்ததற்கு அன்பு கிடைத்தது; அவனுடைய காயத்தை யார் பார்ப்பது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

கருவி எது, கை எது என்னும் வினாவை மேலும் கூர்மையாக்குவது பரி ஜெங்கின்ஸின் ‘மூன்லைற்’. 2016இல் வெளிவந்து, மறு ஆண்டில் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பரிசு பெற்ற இப்படத்தின் களம் மியாமி நகரின் கறுப்பின மக்கள் வாழும் வறிய பகுதியாகும். சைரோன் என்னும் சிறுவனை நீந்தக் கற்பித்து ஆதரிக்கும் ஹுவான், அவனுடைய தாயை அழிக்கும் போதைப்பொருளின் வியாபாரியும் ஆவான். பின்னர் சைரோனை அன்போடு தொட்ட ஒரே தோழனாகிய கெவின், பாடசாலை முரடன் ஒருவனின் ஏவலுக்கு அஞ்சி அவனையே அறைகின்றான். ஆதரிக்கும் கையும் அடிக்கும் கையும் ஒன்றாகிவிடும் அளவுக்கு அச்சூழல் மனிதரை நெருக்குகின்றது. அடித்தவர்மீது முறையிடுமாறு பாடசாலை கேட்கின்றது. அவன் வாய் திறப்பதில்லை. மறுநாள் கதிரையால் முரடனைத் தாக்கியதும் பொலிசார் விலங்கிடுவது சைரோனுக்கே. சிறை அவனைத் தசை இறுகிய போதை வியாபாரியாக்குகின்றது; கெவினும் சிறை சென்று அங்கே சமையல் பழகியவன்.

பல ஆண்டுகளின் பின் சந்திக்கும்போது கெவின் பெரிய வசனம் எதுவும் பேசுவதில்லை. தான் வேலை செய்யும் சிற்றுண்டிச்சாலையில் தன் கையால் சமைத்துப் பரிமாறுகின்றான். அடித்த கை அன்னமிடுகின்றது. மனவடுவுக்குப் பொறுப்பேற்பதன் தொடக்கத்தை இக்காட்சி உணர்த்துகின்றது. நாளை என்ன ஆகும் என்னும் உறுதியைப் படம் தரவில்லை. தந்திருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

‘எப்பொழுதும் துயரம்தானா? இவர்களுக்கு இன்பியல் முடிவே கூடாதா?’ என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். போர்ஸ்ரர் இதனை 1913-14ஆம் ஆண்டுகளிலேயே எதிர்நோக்கினார். அப்பொழுது எழுதிய ‘மொறிஸ்’ நாவலுக்கு இன்பமுடிவு இன்றியமையாதது எனக் கருதினார். துன்பத்தில் முடித்திருந்தால் வெளியிடுவது எளிதாயிருந்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்தேயிருந்தது. அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1971இற்றான் நாவல் அச்சேறியது. அழிந்துபோகும் காதலர்க்காகக் கண்ணீர் விடச் சட்டமும் சமூகமும் அனுமதித்தன; வாழும் காதலரைக் காட்ட அனுமதிக்கவில்லை. ஆகவே இன்பமுடிவும் ஒரு போராட்டமே. ஆயின் மொறிஸும் வேட்டைக்காட்டுக் காவலாளியாகிய அலெக்கும் நாட்டைத் துறந்து காட்டுக்குள் மறையும் உடன்போக்கு, வாயிலைத் திறக்காமல் மதிலேறிக் குதிப்பதை ஒக்கும். நாவலிற் கிளைவ் என்னும் நிலவுடைமையாளன் மொறிஸைக் கைவிடுவதற்கு அகத்தே நேர்ந்த ஒரு மாற்றமே காரணமாகக் கூறப்படுகின்றது. 1987இல் ஜேம்ஸ் ஐவரி எடுத்த திரைப்படமோ, நண்பனொருவன் கைதாகித் தண்டிக்கப்படும் நிகழ்ச்சியைப் புதிதாகச் சேர்த்து, கிளைவின் மனமாற்றத்தின் பின்னே சிறைக்கதவை நிறுத்தியது. நாவல் இயற்கை என்றதைத் திரைப்படம் அச்சம் என்று காட்டிற்று.

அச்சிறைக் கதவு எமக்கும் அந்நியமானதன்று. ஆடவர் உறவைக் குற்றமாக்கிய 1885ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தின் சொற்றொடர் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவிலும் இடம்பெற்றது. இங்கிலாந்து 1967இல் அதனைத் தளர்த்தியது. இலங்கையோ 1995இல் பெண்களையும் உள்ளடக்குமாறு அதனை விரித்தது. அதனை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தும், 2024இல் பாராளுமன்றம் கலைந்தபோது அது நிறைவேறாமலே போயிற்று.

இந்நாட்டு வாழ்வையே பொருளாகக் கொண்ட ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ (1994) நாவலில், தமிழ்ச் சிறுவன் அர்ஜிக்கும் சிங்களச் சிறுவன் ஷெஹானுக்கும் இடையே மலரும் காதலை 1983 ஆடிக் கலவரம் வெட்டிச் செல்கின்றது. அதற்கு முன்பே அவர்களைக் காயப்படுத்திய இடம் பாடசாலை. மாணவரை அடித்து வதைக்கும் அதிபரின் பதவியைக் காப்பதற்காக மேடையிற் பாட்டொப்புவிக்கப் பணிக்கப்பட்ட அர்ஜி, அந்த அதிபரைத் தமிழர் தமக்கு அரணாகக் கருதுகின்றனர் என்று அறிந்தும், வேண்டுமென்றே பாட்டைக் குழப்பிவிடுகின்றான். காதல் அங்கே மருந்தாகப் பயன்படவில்லை. அடிக்கும் கையை அடையாளம் காணும் கண்ணாயிற்று.

ஆசிரியராகிய எமக்கு இதிற் பாடமுண்டு. சைரோனும் அர்ஜியும் வகுப்பறையிலேயே காயமுற்றனர். எம் வகுப்பறைகளிலும் அவர்கள் அமர்ந்திருக்கின்றனர். பெயர் சூட்டி நகைக்கும் மாணவரைக் கண்டும் காணாதிருக்கும் ஆசிரியர், எனிஸின் தந்தை தொடங்கிய பாடத்தையே தொடர்ந்து நடத்துகின்றார். வடுப்பட்டவருக்கு நல்லதொரு காதலன் வாய்க்கட்டும் என வாழ்த்துவது எளிது. அடுத்த வடு எம் கையால் விழாதிருக்கச் செய்வதே எமது வேலை.