கர்னலின் சேவக்கட்டு

நம்ம ஊர்ப் பழைய மில் ஆபீஸ்களில், சொசைட்டிகளில் ஒரு குரூப் போட்டோ மாட்டியிருக்கும். பார்த்திருப்பீர்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டுப் பெரிய மனிதர்கள். கோட்டு, தலைப்பாகை, கையில் தடி. பின்வரிசையில் நிற்பவர்கள் அதற்கு அடுத்த கட்டம். ஓரத்தில் ஒருத்தர், பாதி உடம்பு ஃபிரேமுக்கு வெளியே போன மாதிரி நிற்பார். கீழே இடமிருந்து வலமாக எல்லார் பெயரும் இருக்கும். அவர் பெயர் மட்டும் இருக்காது.

கேமரா வருவதற்கு முன்பே இந்தச் சமாசாரம் உண்டு. 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கனவான்களைக் கும்பலாக உட்கார வைத்து ஆயில் பெயின்ட்டில் வரைவது ஒரு பெரிய மோஸ்தர். 'கான்வர்சேஷன் பீஸ்' என்று பெயர். டீ குடிப்பார்கள், சீட்டு ஆடுவார்கள், அரட்டை அடிப்பார்கள். அதாவது, அடிப்பது போல போஸ் கொடுப்பார்கள்.

இதில் கில்லாடி, ஜோஹான் ஸோஃபனி. பிறப்பால் ஜெர்மன்காரர். லண்டன் ராயல் அகாடமி ஓவியர்களை 1771-72-ல் ஒரே படத்தில் வரைந்தார். அகாடமியைத் தொடங்கியவர்களில் இரண்டு பெண்களும் உண்டு: ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோஸர். ஆனால், படத்தில் ஆடையில்லாத ஆண் மாடல் இருக்கிறானே, பெண்கள் எப்படி அங்கே நிற்கலாம்? ஸோஃபனி என்ன செய்தார் தெரியுமா? இரண்டு பேரையும் சுவரில் மாட்டிய படங்களாக வரைந்துவிட்டார். உறுப்பினர்தான், ஆனால் ஆணியில் தொங்கணும்!

அந்த ஸோஃபனி 1783-ல் காசு பார்க்க இந்தியா வந்தார். லக்னோவில் வரைந்ததுதான் நான் சொல்ல வந்த படம்: 'கர்னல் மார்டான்ட்டின் சேவல் சண்டை'. வரையச் சொன்னவர் வாரன் ஹேஸ்டிங்ஸ். சம்பவம் நடந்தது 1784. சுமார் மூன்றரை அடி உயரம், ஐந்தடி அகலம். 1994 முதல் லண்டன் டேட் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

நடுவில் வெள்ளை உடுப்பில் நெட்டையாக மார்டான்ட். அவரை நோக்கிக் கைகளை விரித்துச் சாய்கிறார் அயோத்தி நவாப் ஆசஃப் உத் தௌலா. கீழே இரண்டு சேவல்கள். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள், அரசவைக்காரர்கள், சேவல்காரர்கள். ஒரு சோபாவில் கிளாட் மார்ட்டின். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு சிப்பாயாகத் தொடங்கி, 1760-ல் இங்கிலீஷ்காரர் பக்கம் தாவியவர். கம்பெனியின் கணக்குப்பிள்ளை ஜான் வோம்ப்வெல்லும் உண்டு. ஸோஃபனியும் ஓரமாக இடம் பிடித்திருக்கிறார்.

கரூர் பக்கம் பூலாம்வலசில் பொங்கலுக்குச் சேவக்கட்டு பார்த்தவர்களுக்கு இந்தப் படம் சட்டென்று பிடிபடும். அந்த நெரிசல், கழுத்தை நீட்டுகிற கும்பல், சேவலைப் பார்க்காமல் எதிராளி முகத்தைப் பார்க்கிற பந்தயக்காரர்... எல்லாம் அச்சு அசல். லண்டன் டீ பார்ட்டிப் படங்களில் இல்லாத உயிர் இதில் இருக்கிறது. ஸோஃபனி வரைந்ததில் எனக்கு முதல் இடம் இதற்குத்தான்.

இதைப் பலர் நட்பின் படம் என்பார்கள். வெள்ளையனும் இந்தியனும் தோளோடு தோள் உரசி நின்ற பொற்காலமாம். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. நான் பி.காம். படத்தைப் பார்த்தாலும் ஐந்தொகைதான் முதலில் ஞாபகம் வரும். இந்தப் படத்தில் சொத்துப் பக்கம் மட்டும் இருக்கிறது. கடன் பக்கத்தைக் காணோம்.

நான் நிரப்பிப் பார்க்கிறேன். நவாப் அப்போது கம்பெனிக்கு ஏகப்பட்ட பாக்கி. அதைக் காரணம் காட்டித்தான் 1782-ல் அவருடைய அம்மா, பாட்டி வீட்டுப் பணத்தையே பறித்தார்கள். ஹேஸ்டிங்ஸ் மேல் பின்னாளில் லண்டனில் நடந்த விசாரணையில் அதுவும் ஒரு குற்றச்சாட்டு. 1795-ல் விடுதலையாகிவிட்டார், அது வேறு கதை. அதே 1784-ல் அயோத்தியில் பஞ்சம். ஜனங்களுக்கு வேலை கொடுக்கவே நவாப் படா இமாம்பாராவைக் கட்ட ஆரம்பித்தார் என்பார்கள். மார்டான்ட் யார்? நவாபின் மெய்க்காப்பாளர் படைக்குத் தளபதி. அதாவது, அவரிடம் சம்பளம் வாங்குகிறவர். இப்போது மறுபடி படத்தைப் பாருங்கள். சம்பளம் வாங்குகிறவர் நிமிர்ந்து நிற்கிறார். கொடுக்கிறவர் சாய்கிறார்!

ஸோஃபனி இதைத் தெரிந்தே வரைந்தாரா? கூலிக்கு வரைகிறவர் வாயைத் திறக்க முடியாது. ஆனால், அவர் கண் பொய் சொல்லவில்லை. அதனால்தான் இது நல்ல படம். வரையச் சொன்னவருக்கு வேடிக்கை தெரிந்தது. நமக்கு வேறு ஒன்றும் தெரிகிறது.

இன்னொரு சேதி. அதே 1784 மார்ச்சில்தான் மங்களூர் ஒப்பந்தம். முந்தின வருஷம் கர்னல் ஃபுல்லர்ட்டன் பிடித்த நம்ம கோயமுத்தூர், அதன்படி திப்புவிடம் திரும்பப் போனது. லக்னோவில் ஒரு கர்னல் சேவலை வைத்து ஆடினார் என்றால், இங்கே வேறொரு கர்னல் ஊரையே வைத்து ஆடியிருக்கிறார். ஊர்க்காரனை யாராவது கேட்டார்களா? ம்ஹூம். சேவலைக் கேட்டா கத்தி கட்டுகிறோம்?

நம்ம பக்கம் தோற்ற சேவலுக்குக் 'கோச்சை' என்று பெயர். ஜெயித்தவர் வீட்டுக்கு எடுத்துப் போய்க் குழம்பு வைத்துவிடுவார். 1856-ல் கம்பெனி அயோத்தியை மொத்தமாக எடுத்துக்கொண்டது. ஸோஃபனி வரைந்து சுமார் 70 வருஷம் கழித்துத்தான் கோச்சை யாரென்று தெரிந்தது.

படத்தில் மார்டான்ட், மார்ட்டின், வோம்ப்வெல் எல்லாருக்கும் பெயர் உண்டு. குனிந்து சேவலைப் பிடித்திருக்கிறவர்களின் பெயர் மட்டும் நமக்கு வந்து சேரவில்லை. அவர்கள் முகங்களை ஸோஃபனி ஒப்பேற்றாமல் அக்கறையாகத்தான் வரைந்திருக்கிறார். எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய குரூப் போட்டோ இருக்கும். கல்யாணமோ, கம்பெனி விழாவோ. விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, ஓரத்தில் நிற்கிறவர் யாருங்க என்று கேட்டுப் பின்னாடி எழுதி வையுங்கள். ஒரு பேனா போதும்.