விரலை அறிந்த கையுறை

மகளிர் கால்பந்தின் கோல்கீப்பர் கையுறையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ரப்பரின் தடிமனில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது; உள்ளங்கைப் பகுதியில் வரும் லேடெக்ஸ், அதாவது ரப்பர்ப் பாலிலிருந்து செய்யப்படும் மென்நுரைப் படலம், 3 மில்லிமீட்டரா 4 மில்லிமீட்டரா என்பதே தரத்தின் உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் கையுறையின் உயிர் அதன் வெட்டில், அதாவது அந்தப் படலத்தை விரலைச் சுற்றி எவ்வாறு வெட்டித் தைத்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர், பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். இவற்றுள் எதுவும் மகளிருக்கெனக் குறைக்கப்படவில்லை, பந்தை எதிர்கொள்ளும் கை மட்டுமே பொதுவாகச் சிறியது என்னும்போது, அந்தக் கைக்கும் ரப்பருக்கும் இடையே வெற்றிடம் விடும் கையுறையை எவ்வளவு தடிமனும் காப்பாற்றாது.

வெட்டுகளுள் ஃபிளாட் கட் எனப்படுவது, தட்டையான ஒரே படலத்தை உள்ளங்கைப் பக்கம் வைத்து, விரலின் பக்கவாட்டில் துணிப்பட்டை கொடுத்துத் தையலை வெளியே விடுவதாகும். காற்றோட்டத்துக்கு இதமானது என்றாலும் மெலிந்த விரல் அதனுள் அலையும். ரோல் ஃபிங்கர் என்னும் வெட்டு லேடெக்ஸையே விரலைச் சுற்றி வளைத்துவிடுகிறது. பந்தில் படும் ரப்பரின் பரப்பு இதில் மிகுதி என்று அதன் அன்பர்கள் வாதிடுவது உண்மையே எனினும், தடித்த விரலுக்கு நன்மையாகும் அந்த வளைவு மெலிந்த விரலுக்குத் தொளதொளப்பாகவே மிஞ்சுகிறது. நெகட்டிவ் கட் தையலை உட்புறமாகத் திருப்பிவிடுவதால், படலம் விரலின் வடிவத்தையே தன் வடிவமாகக் கொண்டு, பந்து நுனியில் மோதும் கணத்தில் வழுக்கி விலகாமல் விரலோடு சேர்ந்தே திரும்புகிறது. உள்தையல் உறுத்துகிறது என்னும் குறை முதல் சில பயிற்சிகளுக்குச் செல்லும். அதன் பிறகும் உறுத்தினால் பிழை அளவெடுத்ததில் இருக்கிறது. விரல் பின்னோக்கி மடங்காதிருக்கக் கையுறையின் முதுகில் பிளாஸ்டிக் தண்டுகளைச் செருகுவதைப் பெரும் பாதுகாப்பாகப் போற்றுவோரும் உண்டு. காயம் ஆறிவருபவருக்கு அது தகும், மற்றவருக்கோ கை இயல்பாக மூடுவதையே அது தடுத்துவிடும்.

விரலுக்கும் பந்துக்கும் உள்ள இந்த உறவைக் காண விரும்புவோர் ஜெர்மனியின் கோல்கீப்பர் நாடீன் ஆங்கெரரின் ஆட்டத்தைக் காண வேண்டும். 1996-இல் தேசிய அணியில் அறிமுகமாகி, முதன்மைக் கோல்கீப்பர் ஜில்கே ரோட்டன்பெர்கிற்கு அடுத்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த அவர், 2007-இல் சீனாவில் நடந்த உலகக் கோப்பையில் ஆறு ஆட்டங்களில், 540 நிமிடங்களில், ஒரு கோல்கூட விடவில்லை. ஷாங்காய் இறுதியாட்டத்தில் பிரேசில் வீராங்கனை மார்த்தாவின் பெனால்டியை அவர் தடுத்ததையே எல்லாரும் சொல்வர். 2013 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் நார்வேக்கு எதிராக ஒன்றல்ல, இரண்டு பெனால்டிகளைத் தடுத்து, அவ்வாண்டின் உலகச் சிறந்த வீராங்கனை விருதையும் பெற்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அமெரிக்கக் கோல்கீப்பர் ஹோப் சோலோவின் பாய்ச்சலில் மயங்குவோரைக் குறை கூற இடமில்லை. 2011, 2015 உலகக் கோப்பைகளின் தங்கக் கையுறை விருதுகள் அவருக்கே சாட்சி. எனினும் பாய்ச்சல் கண்ணை நிறைக்கும் கலை; ஆங்கெரரிடம் இருந்ததோ, பந்தை முந்திக்கொள்ளாமல் கடைசி நொடிவரை காத்திருக்கும் கலை. அவ்வளவு தாமதித்து வரும் கைக்குக் கையுறையைச் சரிசெய்துகொள்ள அவகாசம் ஏது?

அளவெடுப்பது எளிது. கட்டைவிரலை விடுத்து உள்ளங்கையின் அகன்ற பகுதியைச் சுற்றி அங்குலத்தில் அளந்து, அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தி, ஒன்று கூட்டினால் கையுறை எண் கிடைக்கும்; விரல்நுனிக்கு மேல் அரை சென்டிமீட்டர் இடம் இருந்தால் போதும். கடினம் கடையில்தான் தொடங்குகிறது. உயர்தர லேடெக்ஸ் பெரிய எண்களுக்கே ஒதுக்கப்பட்டு, சிறிய எண்கள் சிறுவர் வரிசைக்கு உரிய கடினமான ரப்பரோடு வருவது வழக்கமாகிவிட்டதால், பெண்கள் பலரால் பொருந்தும் அளவையோ நல்ல ரப்பரையோ இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிகிறது. அண்ணன் சட்டையின் கையை மடித்துவிட்டு அணிவதுபோல், பெரிய கையுறையின் மணிக்கட்டுப் பட்டையை மிகுதியாகச் சுற்றி ஒட்டிக்கொள்கிறார்கள். ஆடவர் அச்சையே சுருக்கி இளஞ்சிவப்பு பூசி மகளிர் கையுறை என விற்பதும் உண்டு. 2023 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்பெயின் வீராங்கனை ஜெனிஃபர் எர்மோசோவின் பெனால்டியைத் தடுத்த இங்கிலாந்தின் மேரி ஏர்ப்ஸின் கோல்கீப்பர் சட்டை அத்தொடரின்போது ரசிகர்களுக்கு விற்பனைக்கே வரவில்லை என்பதையும், 1,50,000-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டுக் கேட்ட பிறகே அது கடைக்கு வந்தது என்பதையும் நினைத்தால், கையுறையின் நிலையில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

பேணுதலிலும் இன்றைய ரசனை பொறுமையற்றது. மிக மென்மையான லேடெக்ஸைச் சில ஆட்டங்களில் தேய்த்துத் தள்ளிவிட்டு அடுத்த வடிவமைப்புக்குத் தாவுவதே நாகரிகமாகிவிட்டது. புதிய கையுறையின் ரப்பர் மீதுள்ள பாதுகாப்புப் பூச்சு நீங்க வெதுவெதுப்பான நீரில் முதலில் அலசுவதும், ஆட்டத்துக்கு முன் உள்ளங்கையை லேசாக நனைப்பதும் இன்றியமையாதவை, ஏனெனில் காய்ந்த லேடெக்ஸ் பந்தை நன்றாகப் பற்றாது. ஆட்டம் முடிந்ததும் வியர்வையின் உப்பு ரப்பரை அரிக்குமுன் அலசி, முறுக்காமல் அழுத்தி நீரை வடித்து, வெயிலோ வெப்பமோ படாத நிழலில் உலர்த்த வேண்டும். இரு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி வைத்தால் பிரிக்கும்போது படலம் பிய்ந்துவிடும். கடினமான தரையிலும் செயற்கைப் புல்லிலும் பயிற்சிக்குப் பழைய கையுறையே போதும். விழுந்து எழும்போது உள்ளங்கையை ஊன்றி எழுபவரின் கையுறை மணிக்கட்டை ஒட்டிய மேட்டில் முதலில் கிழியும். முஷ்டியை ஊன்றி எழப் பழகியவருக்கு அதே கையுறை இன்னும் பல ஆட்டங்கள் உழைக்கும்.