முடியைப் பார்த்துத் தந்த விடுதலை

அடிமைகள் எசமானர் மீதே வழக்குப் போட்டு ஜெயித்தார்கள் என்று சொல்லி, தொடக்கக்கால அமெரிக்க நீதிமன்றங்களைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. தீர்ப்பின் கடைசி வரியை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும்.

1806இல் வர்ஜீனியாவில் முடிந்த ஹட்ஜின்ஸ் எதிர் ரைட் வழக்கைப் பாருங்கள். ஜாக்கி ரைட்டும் பிள்ளைகளும், தாங்கள் அமெரிக்கப் பூர்வகுடித் தாய்வழியில் வந்தவர்கள், ஆகவே அடிமைகள் அல்லர் என்றார்கள். முதலில் விசாரித்த நீதிபதி ஜார்ஜ் வித், மனிதர் எல்லோரும் பிறப்பால் சுதந்திரமானவர்கள் என்ற மாநில உரிமைப் பிரகடனத்தையும் காரணம் காட்டி விடுவித்தார். மேல்முறையீட்டு மன்றமும் விடுவித்தது. ஆனால் அந்தக் காரணத்தை மட்டும் பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டது. அதை ஏற்றால் யாரையுமே அடிமையாக வைத்திருக்க முடியாதே!

நீதிபதி செயின்ட் ஜார்ஜ் டக்கர் பார்த்தது உடம்பை. ஆப்பிரிக்க வம்சத்தில் நிறம் மங்கிய பிறகும் தட்டை மூக்கும் சுருட்டை முடியும் தங்கும், அதிலும் முடிதான் கடைசியில் மறையும் என்று எழுதினார். பூர்வகுடியாகவோ வெள்ளையராகவோ தெரிந்தால், அடிமை என்று நிரூபிப்பது எசமானர் பொறுப்பு. கறுப்பராகத் தெரிந்தால், தான் சுதந்திரமானவர் என்று அவரே நிரூபிக்க வேண்டும். ஒரு குடும்பம் வெளியே வந்தது. மற்றவர்களுக்குப் பூட்டு இன்னும் இறுகியது. இத்தனைக்கும் 1796இல் அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கத் திட்டம் எழுதி வெளியிட்டவர் இதே டக்கர்.

நிரூபிக்கச் சொன்னால் எதை வைத்து நிரூபிப்பது? எழுதப் படிக்க விடப்படாதவர்களுக்குப் பாட்டி பூட்டி பற்றிப் பெரியவர்கள் சொன்ன பேச்சுதான் ஆவணம். 1813இல் முடிந்த வழக்கில், விடுதலை கேட்ட மிமா குவீன் என்ற பெண் அதைத்தான் கொண்டுவந்தார். செவிவழிச் சாட்சியம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தள்ளினார். நீதிபதி கேப்ரியல் டுவால் ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார்.

இந்த வழக்குகள் வெறும் வேடிக்கை என்றும் சொல்ல மாட்டேன். அப்படியானால் வர்ஜீனியா சட்டமன்றம் பயந்திருக்காது. தோற்ற மனுதாரருக்கு உதவியவருக்கு 100 டாலர் அபராதம் என்று 1795இல் சட்டம் போட்டது. 1798இல், அடிமை ஒழிப்புச் சங்கத்தார் இவ்வழக்குகளில் ஜூரியாக உட்காரக் கூடாது என்றது. அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் வழக்காடிய மக்கள். அந்தப் பெருமையில் நீதிபதிகளுக்குப் பங்கு இல்லை.

1781 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் கிரேட் பேரிங்டனில் நடந்தது வேறு. பெட் என்ற பெண்ணும் ப்ராம் என்பவரும் ஜான் ஆஷ்லி மீது வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுடைய வக்கீல் தியோடர் செட்விக், 1780ஆம் ஆண்டு அரசமைப்பின் சமத்துவ வாசகத்தை வைத்து வாதாடினார். முடி, மூக்கு, பாட்டி எதுவும் அந்த வாதத்துக்குத் தேவைப்படவில்லை. ஜூரிகள் இருவரையும் விடுவித்து 30 ஷில்லிங் இழப்பீடும் தரச் சொன்னார்கள். பெட் அதன் பிறகு எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

பாராட்ட ஒரு நீதிமன்றம் வேண்டுமென்றால், நான் கிரேட் பேரிங்டனைச் சொல்வேன். டக்கரும் மார்ஷலும் அந்தப் பட்டியலில் வர மாட்டார்கள்.