முன்னுரை முடியுமுன் தீர்ப்பா?

ஞாயிறு இரவு எட்டரை மணியானதும் நம் பங்குமனைத் திண்ணையில் அமர்ந்திருக்கும் இளைஞரிடையே திடீரென ஓர் அமைதி குடிகொள்வதையும், பத்து நிமிடங்களில் அது பெரும் வாக்குவாதமாய் மாறுவதையும் சில மாதங்களாகக் கவனித்து வந்தோம். காரணம் வினவியபோது, "மாங்கா, சாமி" என்றனர். நமக்கு ஊறுகாய்தான் நினைவுக்கு வந்தது என்பதை மறைப்பானேன்! ஜப்பானியரின் சித்திரக்கதைக்கு அம்மொழியில் அதுவே பெயர். தோக்கியோவில் திங்கட்கிழமை பிறக்கும் நள்ளிரவில் வெளியாகும் புதிய அத்தியாயங்கள், ஷுயெய்ஷா பதிப்பகம் 2019-இல் தொடங்கிய 'மங்கா பிளஸ்' செயலி வழியாக, அதே நேரத்தில் நம் ஊர்க் கைப்பேசிகளுக்கும் ஆங்கிலத்தில் வந்து சேர்கின்றன. படித்த சூடு ஆறுமுன்னரே, 'இவ்வாரம் சரியில்லை', 'ஆசிரியரிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது' எனும் தீர்ப்புகளும் வந்துவிடுகின்றன. இருபது பக்கத்திற்கு ஒரு திறனாய்வு!

இதனை இளமையின் அவசரம் என்று ஒதுக்கிவிட இயலாது. அத்தொழிலின் அமைப்பே அவ்வாறு. 1968-இல் தோன்றிய 'ஷோனென் ஜம்ப்' மறு ஆண்டே வார இதழாயிற்று. இதழோடு இணைந்து வந்த அஞ்சலட்டையில் வாசகர் தமக்குப் பிடித்த மூன்று கதைகளைக் குறித்தனுப்புவர். தொடர்ந்து பின்தங்கும் கதை சில மாதங்களிலேயே முடித்து வைக்கப்படும். 1994-இன் இறுதியில் வெளிவந்த ஓர் இதழ் 65 லட்சம் படிகளுக்கு மேல் அச்சிடப்பட்டது என்றால், அந்த அட்டைகளின் வலிமையை உய்த்துணரலாம். அங்கே வாசகரின் தீர்ப்பு, கதை முடிந்தபின் எழுதப்படும் மதிப்புரையன்று. கதையின் ஆயுளையே அளந்து கொடுக்கும் கோல்.

இத்தீர்ப்பு முறையை நாம் ஐயுறக் காரணமாயிருந்தது, அவ்விளைஞருள் ஒருவர் நம்மிடம் படிக்கத் தந்த 'வின்லாண்ட் சாகா' எனும் தொடரின் ஆங்கிலத் தொகுதிகளே. இதன் ஆசிரியர் யுகிமுரா மகோட்டோ. 2005 ஏப்ரலில் கொடான்ஷா பதிப்பகத்தின் வார இதழொன்றில் தொடங்கிய இக்கதை, வாரக் கெடுவுக்குள் வரைந்து முடிப்பது அரிதாயிருந்ததால், அவ்வாண்டின் இறுதியிலேயே 'ஆஃப்டர்நூன்' எனும் மாத இதழுக்கு மாறியது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழும் வட கடலோடிகளின் கதை இது. ஐஸ்லாந்துச் சிறுவன் தோர்ஃபின், தன் தந்தை தோர்ஸின் சாவுக்குக் காரணமான அஸ்கெலாட் என்பவனைப் பழிதீர்க்க, அவன் கூட்டத்திலேயே சேர்ந்து வாளோடு வளர்கிறான். எட்டுத் தொகுதிகள் முழுதும் குருதி. பழிதீர்க்கும் வாய்ப்போ பிறர் கையால் பறிபோகிறது. அவ்விடத்தில் 54-ஆம் அத்தியாயத்தின் தலைப்பாக, முன்னுரை முடிந்தது என்று அறிவிக்கிறார் ஆசிரியர். ஏறத்தாழ நான்காண்டுகள் வெளிவந்தது வெறும் முன்னுரை! அதுவரை இதனைப் பழிவாங்கும் கதையென்று அத்தியாயந்தோறும் எடைபோட்டவர்கள் கதையையே எடைபோடவில்லை. அதன் வாயிற்படியைத்தான் எடைபோட்டிருக்கிறார்கள்.

இம்முன்னுரையுள் நம்மை நெடுநேரம் நிறுத்திய இடம் ஒன்றுண்டு. வில்லிபால்ட் எனும் குடிகாரத் துறவி, தன்னை வளர்த்த காவலர் ராக்னரை இழந்து கலங்கும் இளவரசன் கனூட்டுக்கு அன்பைக் கற்பிக்கிறார். காவலர் உன்மேல் வைத்தது அன்பன்று, ஓரவஞ்சனை. எவரையும் வெறுக்காமல், எதையும் பறிக்காமல், தன் தசையை விலங்குக்கும் புழுவுக்கும் விட்டுக்கொடுக்கும் பிணமே அன்பு நிறைந்தது என்பது அவர் வாதம். குருமடத்தில் இறையியல் பயின்றவர் எவரும் இங்கே புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நடப்பர், நாமும் நடந்தோம். அன்பென்பது பிறர்க்கு நன்மையை விழைதல் என்பார் புனித தோமா அக்குவினாஸ். விழைவதற்குப் பிணத்திற்கு மனம் ஏது? மேலும், அன்பிலும் ஓர் ஒழுங்கு உண்டென்றும், நமக்கு நெருங்கியவரை மிகுதியாய் நேசித்தல் குற்றமன்றென்றும் அவரே விளக்குகிறார். ராக்னரின் பாசம் குறையுள்ளதாயினும் பொய்யன்று. அந்த மாதமே மதிப்புரை எழுதியிருந்தால், ஆசிரியருக்கு இறையியல் பிடிபடவில்லை என்று கடுமையாகவே எழுதியிருப்போம்.

நல்லவேளை, எழுதவில்லை. துறவியின் சொற்களைக் கேட்ட கனூட், இறைவனுக்கு எதிராகவே எழுந்து, வாளால் மண்ணில் சொர்க்கம் படைக்கப் புறப்படுகிறான். தோர்ஃபினோ டென்மார்க்கில் கேட்டில் என்பவரின் பண்ணையில் அடிமையாகி, எய்னார் எனும் தோழனோடு காடு வெட்டிக் கோதுமை விதைக்கிறான். சண்டையை எதிர்பார்த்த வாசகர் பலர் இப்பகுதியைச் சலிப்பென்றனர். மரம் சாய்கிறது, வேர் பெயர்க்கப்படுகிறது, பயிர் முளைக்கிறது, அவ்வளவே. ஆனால் அரசனான கனூட் அப்பண்ணையைக் கவர வரும்போது, அவனிடம் பேச அனுமதி வேண்டித் தோர்ஃபின் நூறு அடிகளைத் திருப்பி அடியாமல் ஏற்கிறான். தனக்குப் பகைவர் எவருமில்லை என்கிறான். துறவிக்கு மறுமொழி அங்கேதான் கிடைக்கிறது. பிணத்தைப் போல் எதிர்க்காதிருந்தும், பிணமாயிராமல் தோழனுக்காகவும் பண்ணைக்காகவும் நன்மையை விழைகிறான் அவன். முன்னதற்கும் பின்னதற்கும் இடையே எத்தனை மாதங்கள்! தனித்தனியே படித்தால் இரண்டுமே விளங்கா.

குறையும் உண்டு. வாளை வெறுக்கச் சொல்லும் ஆசிரியரின் தூரிகை, வாள் வீச்சை வரைகையில் தனியின்பம் கொள்கிறது. தோர்கெல் எனும் மாவீரன் மரக்கட்டைகளை ஈட்டிபோல் எறியும் பக்கங்கள் சிறுவர் விளையாட்டாகவே நமக்குப் பட்டன. 2009-இல் ஜப்பானிய ஊடகக் கலை விழாவின் பெரும்பரிசும் 2012-இல் கொடான்ஷா விருதும் பெற்ற படைப்பாயினும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வளவையும் விளக்கி, தொடர் முடியும்வரை தீர்ப்பைத் தள்ளிவைத்தால் என்ன என்று அவ்விளைஞரிடம் கேட்டோம். அவர் சிரித்தார். "எல்லாரும் முடியட்டும் என்று காத்திருந்தால் எந்தக் கதை முடியும், சாமி? படிக்க ஆளில்லையென்று பாதியிலேயே நிறுத்திவிடுவார்களே" என்றார். அஞ்சலட்டைக் கணக்கைக் கட்டுரையின் தொடக்கத்தில் எழுதிய நமக்கு இதற்கு உடனே மறுமொழி சொல்ல இயலவில்லை, இன்னும் இயலவில்லை. நாம் முழுதாய்ப் படிக்க வாய்த்ததே, அரைகுறையாய்ப் படித்து ஆர்ப்பரித்த அவர் போன்றோர் இருபதாண்டுகள் அதனை உயிரோடு வைத்திருந்ததால்தானோ என்னும் ஐயம் உறுத்துகிறது.

'வின்லாண்ட் சாகா' 2025 ஜூலையில் நிறைவுற்றது. முடிவு அவருக்குத் தெரியும். நாமோ தோர்ஃபின் மேலைக் கடலைக் கடந்து புது நிலத்தில் கால்வைக்கும் தொகுதியில்தான் நிற்கிறோம். ஞாயிறுதோறும் திண்ணையில் வாக்குவாதம் தொடங்குகையில், நம் தலை தெரிந்ததும் அவர் பேச்சை வேறு கதைக்கு மாற்றிவிடுகிறார்.